பிரைட் என்று வந்த ரிப்போர்ட்

எழுபதுகளின் கடைசியில், மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிராணி, கணக்கெழுதும் வேலை. நாங்கள் அனுப்பும் தேயிலை மாதிரியைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டர் வாரந்தோறும் அனுப்பும் ரிப்போர்ட்டில் 'பிரைட்' என்ற சொல் அடிக்கடி வரும். அகராதியில் 'ஒளியுள்ள' என்று போட்டிருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர் தங்கராசு கோப்பையைச் சன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"சாயம் திக்கா, லேசாங்கிறது வேற கத, கிராணி. பளிச்சுனு உயிரோட இருந்தா பிரைட். செத்துக் கெடந்தா டல்லு."

ஒரு வியாழக்கிழமை 'டல்' வந்தது. மறுவாரமும் அதே. தங்கராசு நேரே முனியாண்டியிடம் போனார். ரோலரில் நசுங்கிய இலையைப் பரப்பிப் பதமாக்கும் பெர்மெண்டிங் அறை அவர் பொறுப்பு.

"என்னய்யா, இலையப் பரப்பிட்டுத் தூங்கிட்டியா? அடுத்த மாதிரியும் டல்லுனு வந்துச்சு, நீ மலையில கொழுந்து மூட்டை தூக்கத்தான் போவணும்."

"நேரம் தப்பாமத்தாங்க எடுக்கறேன். இந்த முட்டிய வச்சிக்கிட்டு லயத்து வீட்டுப் படியே ஏற முடியலலா, மலைக்கு எப்படிங்க?"

தினமும் மழை, வெயில், யார் லீவு, எந்த மெஷின் நின்றது என்று குறித்து வைப்பது என் வழக்கம். நோட்டை எடுத்தேன். ரிப்போர்ட் வந்த நாளை விட்டு, மாதிரி எடுத்த நாளைத் தேடினேன். முதல் டல் மாதிரிக்கு இரண்டு நாள் முன்னால், ரோலரையும் தரையையும் தேய்த்துக் கழுவும் செல்லம்மாவைச் சலிக்கும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மாற்றல் சீட்டு எழுதியதே நான்தான்.

தங்கராசுவிடம் காட்டினேன். "மழைக்கணக்கு போதாதுன்னு இதுவுமா?" என்றபடி வந்தவர், ரோலர் மேசையின் இடுக்கில் விரலை விட்டார். பழைய இலை பிசினாக வந்தது. முகர்ந்தார். "இந்தப் புளிச்சதுதான் புது இலையக் கெடுத்திருக்கு" என்றார்.

செல்லம்மாவைக் கூப்பிட்டோம். "நான் போனதுலேருந்து ஒருத்தரும் தண்ணியே காட்டலயா? எங்க வீட்டுச் சட்டிய இப்படிப் போட்டிருந்தா, மாமியா என்னை வெரட்டியிருக்கும்!"

அன்று மாலைக்குள் எல்லாம் கழுவியாயிற்று.

அடுத்த ரிப்போர்ட்டைக் கோப்பில் சேர்க்காமல் பெர்மெண்டிங் அறைக்கு எடுத்துப் போனேன். முனியாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

"எதுங்க அந்த எழுத்து?"

பிரைட் என்பதைத் தொட்டுக் காட்டினேன்.

"இத்துனூண்டுதானா?" என்று அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

டேஸ்டர் டல் என்று எழுதியது கோப்பையிலிருந்த தேநீரை. அதை ஓர் ஆளின் தலையில் கட்டியது நாங்கள். அதற்குப் பிறகு எந்த ரிப்போர்ட் வந்தாலும், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ரோலர் இடுக்கைப் போய்ப் பார்த்தேன்.