பூண்டுக்காட்டில் நின்ற மதினி

முதலில் காதில் விழுந்தது மூச்சுச் சத்தம்தான். ஈர மரத்தில் ரம்பம் இழுபடுவதைப் போல இழுத்து, நின்று, மறுபடியும் இழுத்தது. கவுஞ்சி ஊருக்கு மேலே சோலைக்காட்டை ஒட்டி, படிப்படியாக ஏறிக் கிடக்கும் எங்கள் பூண்டுக்காட்டின் கடைசித் தட்டிலிருந்து வந்தது அது. புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் திருப்ப வெள்ளனே போயிருந்த என் அண்ணன் மனைவி, அந்தத் தட்டின் நடுவில் அசையாமல் நிற்பதைக் கீழிருந்து பார்த்தேன். "மதினி" என்று கூப்பிட்டேன். திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டி, வராதே என்பதுபோல் விரல்களை விரித்தார்.

சத்தம் காட்டாமல் ஏறிப் போன பிறகுதான் கண்டேன். வேலியோரம் ஒரு சிறுத்தை. காட்டுப்பன்றிக்கு அண்ணன் வைத்திருந்த சுருக்கு, பழைய பைக்கின் கிளட்ச் கம்பி, அதன் இடுப்பை இறுக்கியிருந்தது. எட்டும் தூரம் வரை மண்ணைப் பிறாண்டி அரைவட்டமாகத் தோண்டிப் போட்டிருந்தது. கொடைக்கானலில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன் நான். ஹெட்லைட்டில் வால் மறைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முழு உருவத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். அது மூச்சு விடும்போதெல்லாம் விலாவிலிருந்த புள்ளிகள் விரிந்து ஒடுங்கின. உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. கண்ணில் வெறி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது அமைதியாக, வெளிறிய பச்சைக் கண்களால் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்தடி தூரம்கூட இருக்காது. மதினி உதடு அசையாமல் பேசினார்.

"தம்பி, ஃபாரஸ்டுக்குப் போனப் போடுங்க."

நான் தயங்கினேன். எங்கள் பக்கம் பன்றி புகுந்து ஒரே ராத்திரியில் பூண்டுப் பாத்தியை உழுதுவிட்டுப் போகும். அதனால் நிறைய வீட்டுக்காரர்கள் கம்பி வைத்திருந்தார்கள். அது குற்றம் என்றும் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முதல்நாள் கேரட் லோடோடு வத்தலக்குண்டு இறங்கியிருந்தார். நான் போன் செய்தால், மலை ஏறித் திரும்பும் அண்ணனை நேராக ஜெயிலுக்கு அனுப்பி வைப்பதாகும். மதினிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். "போடுங்க" என்றார் மறுபடியும். போட்டேன்.

வனத்துறை ஆட்கள் வருவதற்குள் ஊர் திரண்டு வந்துவிட்டது. கம்பு, மண்வெட்டி, கல். கூச்சல் கேட்டதும் சிறுத்தை துள்ளியது. கம்பி இன்னும் உள்ளே இறங்கியது. அப்போது மதினி செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சிறுத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஊரைப் பார்த்து நின்றார்.

அண்ணனுக்கு மாமன் முறையாகும் ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "ஏத்தா, அடிச்சுப் புதைச்சிட்டா சோலி முடிஞ்சிரும். ஃபாரஸ்டுக்காரங்க வந்தா உன் புருசன்தான உள்ள போவான்?"

"போகட்டும் மாமா. போறவரு உசுரோட திரும்பி வருவாரு. இது செத்தா வருமா?"

"அது நாளைக்கு நம்ம பிள்ளைகளத் தூக்கும்."

"அது பாட்டுக்குப் போன வழியில நாமதான கம்பிய வச்சோம்? கத்தக் கத்த அது மெரளுது. கை எடுத்துக் கும்புடுறேன், எல்லாரும் உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. முதலில் உட்கார்ந்தது மதினிதான், பூண்டுத் தாளுக்கு நடுவே, ஈர மண்ணில், சிறுத்தைக்கு முதுகைக் காட்டியபடியே. நான் உட்கார்ந்தேன். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக, கடைசியில் அந்தப் பெரியவரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தட்டுத் தட்டாக இறங்கும் எங்கள் மலையில் ஊரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த காலைப்பொழுது அது ஒன்றுதான். சோலைக்குள் குருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சிறுத்தை முன்னங்காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. ரம்பம் இழுப்பது போன்ற அந்த மூச்சு தணிந்து, எங்கள் எல்லோருடைய மூச்சோடும் கலந்ததுபோல் இருந்தது எனக்கு. கோயிலில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

வனத்துறை டாக்டர் மலையடிவாரத்திலிருந்து வந்து சேர உச்சிப்பொழுது ஆனது. மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, காயத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் மிரண்டு இழுத்திருந்தா குடல் அறுந்திருக்கும். அமைதியா இருந்ததாலதான் பொழைச்சுது" என்றார். ரேஞ்சர் சுற்றிப் பார்த்து, கம்பி வைத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். "எங்க காடுதாங்க. எங்க வீட்டுக்காரரு வச்சது" என்றார் மதினி. அந்த ஒரு கணம் மட்டும் அவர் குரல் உடைந்தது.

சாயங்காலம் மலை ஏறி வந்த அண்ணனை ரேஞ்சரின் ஆட்கள் கூட்டிப் போனார்கள். ஜாமீனில் வந்தவர் மதினியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே காடு, சோறு வைப்பதும் உண்பதும் நடந்தன. பேச்சு மட்டும் இல்லை. மதினி வாதாடவும் இல்லை, வருந்தவும் இல்லை. ரேஞ்சரிடம் போய், பன்றிக்கு வேறு வழி சொல்லுங்கள் என்று கேட்டவர் அவர்தான். வேலியோரப் புதரை வெட்டினார்கள். காவலுக்கு ஆள் முறை வைத்தார்கள். சிறுத்தை புகாதபடி ஆட்டுக்கொட்டகைகளுக்குக் கூரையும் கதவும் வந்தன. பன்றி இன்னமும் வருகிறது, நஷ்டமும் இருக்கிறது. ஆனால் கம்பி இல்லை. வீடு வீடாகப் போய் அதைக் கழற்ற வைத்ததும் மதினிதான்.

வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் ஜீப்பில்தான் கொடைக்கானல் போகிறோம். அண்ணன் முன்னால், மதினி பின்னால், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. போன தை மாதம் திரும்பி வரும்போது பொழுது மங்கிவிட்டது. ஒரு வளைவில் சாலையோரச் சுவரின் மேல் அது உட்கார்ந்திருந்தது. காயம் ஆற்றிக் காட்டில் விட்ட அதே சிறுத்தையா, வேறா, எனக்குத் தெரியாது. பிரேக்கை அழுத்தினேன்.

"லைட்ட அணை. வண்டிய ஆஃப் பண்ணு" என்றார் அண்ணன், தணிந்த குரலில்.

கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதன் முன்னால் சிறுத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவசரமே இல்லாத பார்வை. பிறகு எழுந்து, முதுகை நெளித்து, சுவரின் மேலேயே நடந்து மரங்களுக்குள் இறங்கிப் போனது. நான் சாவியைத் தொடவில்லை. மூவரும் இருட்டும்வரை அப்படியே இருந்தோம்.

அண்ணன் மெல்லப் பின்னால் திரும்பினார். "அன்னைக்கும் இப்பிடித்தான் பாத்துச்சா?"

"ஆமாங்க" என்றார் மதினி. "ஆனா இன்னும் கிட்டக்க."