பின்சீட்டுக்கு ஓர் ஆள்

உலகத்தில் எத்தனையோ தொழில் உண்டு. நான் ஏழு வருஷம் பார்த்தது, அடுத்தவர் மனைவிக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்காருகிற தொழில்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் மடியில் காய்கறிப் பையும் ஒரு கையில் இறுகப் பிடித்த ஸ்கூட்டர் ஸ்டெப்னியும் பறக்கிற முந்தானை பல்லிடுக்கிலுமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் சம்பளமில்லாமல் செய்ததை நான் சம்பளத்துக்குச் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை கிடைத்த விதம்

என் கணவர் மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்தவர். அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டுதான் கல்யாண நாள் முதல் என் இடம். அவர் போன மறு வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சரஸ்வதிபுரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. கல்லூரியில் இலக்கியம் படித்ததற்கு, வருகிறவர்களை உட்காரவைத்து ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. முதலாளி சிவண்ணா கன்னடக்காரர். என்னிடம் மட்டும் தமிழைக் கலந்து பேசுவார். மெக்கானிக் அந்தோணி, காந்தி நகர்த் தமிழர்.

வண்டி வாங்க ஆண்கள் தனியாகத்தான் வருவார்கள். வீட்டுப் பெண்கள் வருவது டெலிவரி நாளில், பூஜைத் தட்டோடு. "பேமிலியோட போகணும், அதனால பெரிய வண்டி" என்பார்கள். பேமிலி வீட்டில் துணி காயப்போட்டுக் கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை ஒருவர், பின்னால் பாரம் இருந்தால் வண்டி எப்படி இழுக்கும் என்று பார்க்கவேண்டும் என்றார். சிவண்ணா சுற்றிலும் பார்த்தார். அந்தோணியின் உடம்பெல்லாம் கிரீஸ். முதலாளிக்குத் தொப்பை. மிச்சம் நான். பின்புறத்து மைதானத்தை ஒரே ஒரு சுற்று, ரோட்டுக்குப் போகவேண்டாம் என்று சமாதானம் சொன்னார். நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"ஸ்வல்ப ஹிந்தே குத்கொள்ளி அம்மா! பின்னாடி உக்கார்றதுல உங்களுக்கு இருபத்திமூணு வருஷம் சர்வீஸ் இருக்கல்ல?"

எழுபத்தெட்டு கிலோ

வங்கி உத்தியோகஸ்தர் ஒருவர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத ரகம். என்னை மேலும் கீழும் பார்த்தார். தப்பான பார்வை இல்லை, தராசுப் பார்வை. "மேடம், உங்க வெயிட் எவ்வளவு?" என்றார். ஐம்பத்தாறு என்றேன். "பத்தாது. எங்க வீட்ல எழுபத்தெட்டு," என்று உதட்டைப் பிதுக்கினார்.

அரை மணியில் ஆட்டோவில் அரிசி மூட்டைகளோடு திரும்பி வந்தார். மூட்டைகளைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, மைதானத்தை நாலு தரம் சுற்றினார். இறங்கும்போது முகமெல்லாம் மலர்ச்சி. "சூப்பர் வண்டி. பின்னால ஆள் இருக்கிறதே தெரியலை," என்றார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்தோணி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"தெரியாது சார். மூட்டை 'மெதுவாப் போங்க'ன்னு சொல்லாதுல்ல."

எருமை

தொண்ணூறுகளின் கடைசியில் ஷோரூமுக்கு ஒரு குரூஸர் மோட்டார் சைக்கிள் வந்தது. நீளம், தாழ்வு, கனம். கைப்பிடிகள் இரண்டு பக்கமும் கொம்புபோல் விரிந்திருக்கும். நிறுத்திவைத்தால் குளத்தில் படுத்த எருமை மாதிரி, எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல் கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் வயிற்றுக்குள்ளிருந்து பேசும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. விருத்தத்தை இழுத்துப் பாடுகிறவர் நிதானமாக மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். வாங்கத்தான் ஆளில்லை. வருகிறவர்கள் தடவிக்கொடுத்துவிட்டு நூறு சிசி வண்டியோடு போய்விடுவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் தங்கவேலு வந்தார். மலைப்பக்கத்துத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரர், மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். எருமையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்சீட்டின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார். பிறகு பையிலிருந்து ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்து என் மேஜை விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு முன்கை எலும்பு, நிலா வெளிச்சத்தில் கிடக்கிற குச்சி மாதிரி.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போகும்போது, ஹனூர் தாண்டி கௌதள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு திருப்பத்தில், மணலில் வண்டி சறுக்கி இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். மனைவி ராசாத்திக்குக் கை முறிந்தது. அன்றிலிருந்து அவர் பின்னால் அந்த அம்மாள் ஏறவில்லை. மார்டள்ளிக்கு இவர் வண்டியில் போவார்; அந்த அம்மாள் பஸ் மாறி, பஸ் மாறிப் போவார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குப் போக இரண்டு பிரயாணம். சீட் சின்னது, அந்தப் பயம்தான் என்பது தங்கவேலுவின் முடிவு. படத்தை உறையில் போட்டபடி என்னிடம் சொன்னார்:

"எலும்பு பூராக் கூடிருச்சுங்கக்கா. நானே எடுத்த படம். அப்பறம் எதுக்கு இன்னும் ஏறமாட்டீங்கறான்னு இந்தப் படத்துல தெரியலீங்க."

சாய்ந்துகொள்ள ஒரு கம்பி

புருஷர்களில் இரண்டு வகை என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். "உக்காந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கிளட்சை விடுகிறவர்கள், விட்ட பிறகு கேட்கிறவர்கள். தங்கவேலு மூன்று தரம் கேட்டார். மைதானத்தில் ஒரு குழிக்கு முன்னால் "குழி வருதுங்கக்கா" என்றார். குழி வருவதை எனக்கு யாரும் சொல்லி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் குழியைவிடப் பெரிய துன்பம் ஒன்று பின்சீட்டிலேயே இருந்தது. சாய்ந்துகொள்ள வசதியாக, பளபளவென்று ஒரு கம்பி, மெத்தை வைத்தது. தங்கவேலுவுக்கு வண்டியில் பிடித்ததே அதுதான். வண்டியை வரைந்தவர் கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்காருகிறவர்களை நினைத்து வரைந்திருக்கிறார். புடவை கட்டிக்கொண்டு இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்காருகிற நமக்கு அது முதுகில் படாது, விலாவில் குத்தும். வண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரி முழங்கையால் இடிப்பது போல. மனைவியின் சுகத்துக்காக வாங்குகிற வண்டியில் மனைவியை இடிக்க ஒரு கம்பி.

இறங்கியதும் விலாவைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டேன். இதைக் கழற்றி, இடது பக்கம் கால்வைக்க ஒரு பலகையும் புடவை சிக்காமலிருக்க சக்கரத்துக்குச் சட்டமும் போட்டால்தான் ஒரு பொம்பளை இதில் உட்காரமுடியும் என்றேன். அந்தோணி ஸ்பேனரை எடுத்துவிட்டார். தங்கவேலுவின் முகம் வாடிவிட்டது. விற்காமல் கிடந்த வண்டி விற்கப்போகிற நேரத்தில் நான் வாயைத் திறந்ததில் சிவண்ணாவுக்கு ஆத்திரம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்களை உக்காரத்தானே சொன்னேன் அம்மா, உக்காந்து யோசிக்கச் சொன்னேனா?"

தையல்

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில், ஓர் அம்மாள் தனியாக வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, கழற்ற மறந்திருக்கிறாள். நேராக எருமையிடம் போய்ப் பின்சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடினாள். "இந்தத் தையல் ரெண்டு மழைக்குத் தாங்காதுங்க," என்றாள். ராசாத்தி. வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். புருஷன் டூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தாள்.

அந்தோணியிடம் காபி வாங்கிவரச் சொன்னேன். கேட்காமலே சொன்னாள். "பயமெல்லாம் இல்லீங்க. எங்கூர் மலை ரோட்டுல லாரி மேல மூட்டையோட மூட்டையா உக்காந்து போனவ நானு. அன்னைக்கு விழுந்தப்ப நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இவரு எந்திரிச்சாரு. நேராப் போயி வண்டியத் தூக்கி, ஹேண்டிலு வளைஞ்சிருச்சான்னு பாத்துட்டு, ஸ்டேண்டு போட்டுட்டு, அப்பறந்தான் என்னத் திரும்பிப் பாத்தாருங்க. நல்ல மனுசந்தான். கை ஒடைஞ்சு கெடந்தப்ப எனக்குத் தலை சீவி விட்டதே அவருதான். ஆனா அந்த நேரம் கண்ணு எங்க போச்சோ, அதானுங்க நெசம்."

பிறகு, "உங்க வீட்டுக்காரரு எப்படிங்க?" என்று கேட்டாள். "நாங்க விழுந்ததே இல்லைம்மா," என்றேன். பெருமையாக ஆரம்பித்த வாக்கியம், முடிவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது. இருபத்திமூன்று வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனிதர். விழுந்திருந்தால் எதை முதலில் தூக்கியிருப்பார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. தங்கவேலுவிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டேன். காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சொல்லீறாதீங்க. சொல்லிக் குடுத்துச் செஞ்சா அது நீங்க செஞ்சதுங்க, அவர் செஞ்சதில்லீங்க."

எலுமிச்சம்பழம்

கடைசியில் தங்கவேலு அந்த வண்டியைத்தான் எடுத்தார். கம்பி போய்விட்டது, பலகையும் சட்டமும் வந்துவிட்டன. ராசாத்தி சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்கவேண்டும் என்பது சிவண்ணாவின் கட்டளை மட்டுமல்ல.

டெலிவரி நாள் காலை. மாலை போட்டாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராசாத்தி கற்பூரம் காட்டினாள். காட்டிவிட்டு, "நான் பஸ்சுல வந்தர்றனுங்க," என்று பையை எடுத்தாள். தங்கவேலு வாசலுக்கு வெளியே பார்த்தார். சிவண்ணா விடுவாரா? பூஜை போட்ட வண்டியில் முதல் உருட்டலுக்கு வீட்டு லட்சுமி ஏறாமல் போனால் கடைக்கு ஆகாது, வாசல் வரைக்குமாவது உட்காருங்கள் என்று கன்னடத்திலும் தமிழிலும் கெஞ்சினார். சாமி காரியம் என்பதால் அவள் ஏறினாள். ஒரு கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்தாள். அவர் தோளைத் தொடவில்லை.

"உக்காந்துட்டயா? போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்பினார். முன்சக்கரம் பழத்தை நசுக்கியது. வாசலில் அந்தோணி அப்போதுதான் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். சாறும் தண்ணீரும் சேர்ந்து முன்சக்கரம் வழுக்கியது. வேகம் ஒன்றுமில்லை, நடை வேகம்கூட இல்லை. ஆனால் அந்தக் கனத்துக்கு ஒரு தரம் சாய ஆரம்பித்தால் போதும். வலது பக்கமாகச் சாய்ந்தது. இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மல்லாக்கப் போனாள்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். அந்த நேரத்தில் எந்த ஆணும் செய்வதுபோல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால், வண்டியை அவர் நிறுத்தியிருக்கலாம். அவர் இரண்டு கையையும் விட்டுவிட்டார். விட்டுவிட்டுத் திரும்பி, அவளை ரவிக்கைத் துணியை வாரிக்கொள்வதுபோல் வாரிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தி வெளியே வந்தார். பின்னால் எருமை, பத்து நிமிஷத்துக்கு முன் குங்குமம் வைத்த எருமை, மாலையோடு படுத்தது. கண்ணாடி உடைந்தது. டாங்கில் ஒரு பள்ளம். "அய்யோ, பதினஞ்சு நாளாத் தொடச்சு வெச்ச வண்டி!" என்று அந்தோணி கத்தினார். "ஹோய்த்து! ஹோய்த்து! போச்சு!" என்று சிவண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கவேலு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு, "வலிக்குதா? இங்க வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சின் தானாக இருமிவிட்டு நின்றது.

ராசாத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக, தரையில் கிடந்த வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரு கணம். கையிலிருந்த பஸ் பையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கொண்ணும் ஆவலீங்க. இனி வண்டியத் தூக்குங்க, மார்டள்ளி போயிட்டு வரலாம்."

ஏழு வருஷம் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்: வண்டி எவ்வளவு பெரிதானாலும் பின்சீட்டுக்காரிக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டும்தான், அது யார் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொள்ள விழவேண்டியிருக்கிறது, எனக்கோ நன்றாக ஓட்டத் தெரிந்தவர் வாய்த்துவிட்டார்.