கெட்டிலில் தெரிந்த சிவப்புச் சட்டை

லைட்டு என்கிற பேரை நான் முதலில் கேட்டது பல் ஆஸ்பத்திரி பெஞ்சில். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த என் சின்னம்மா, இளைய மகளுக்கு மாப்பிள்ளை முடிந்துவிட்டது என்றாள். போட்டோ பிடிக்கிறவனாம். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, எல்லாரும் லைட்டு என்றுதான் கூப்பிடுகிறார்களாம். எந்த அறைக்குள் போனாலும் முதலில் அங்கிருக்கிற வெளிச்சத்தைக் குறை சொல்வானாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள். அடுத்த வீட்டு பல்பைத் திட்டுவதும் ஒரு தகுதியா என்று கேட்டிருப்பேன், எனக்கும் பல்வலி.

கல்யாணத்துக்குப் பிறகு, ஸ்டுடியோ முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, இருந்த வேலையை விட்டான். வீட்டு முன்னறையைச் சொந்த ஸ்டுடியோ ஆக்கினான். கட்டிலும் பீரோவும் சமையலறைக்குப் போயின. என் தங்கச்சி பீரோவைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்புப் பற்றவைத்தாள். ஆனால் படம் எடுக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைசியில் ஒரு பாத்திரக் கம்பெனி முதலாளி எவர்சில்வர் கெட்டிலையும் கண்ணாடி ஜாடியையும் அனுப்பி, மாதிரிக்கு எடுத்துக் காட்டச் சொன்னார். பிடித்தால் கம்பெனிப் படமெல்லாம் இவனுக்கு. பிடிக்காவிட்டால் முன்னறைக்குக் கட்டில் திரும்பும், அவன் வெளியே வேலை தேடணும். தங்கச்சி அப்படித்தான் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

படம் எடுக்கிற அன்று ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். பளபளக்கிற சாமான் தன் முகத்தைக் காட்டாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தான். வாய் சரியாகத்தான் சொல்லும். மேசையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தைத் துணிக்கு வெளியே வைத்தான். ஜாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, இரண்டு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்தினான். ஜாடியின் ஓரம் பென்சிலால் வரைந்த மாதிரி வந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன்.

கெட்டிலுக்கு எதிரில் ஒரு பெரிய கருப்பு அட்டை, அதில் கேமரா கண்ணுக்கு மட்டும் ஓட்டை. எங்கள் நிறம் கெட்டிலில் விழுமென்று தங்கச்சியையும் என்னையும் கருப்புத் துணி உடுத்தச் சொன்னான். அவன் போட்டிருந்ததோ புதுச் சிவப்புச் சட்டை.

தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, நீங்க மட்டும் செவப்புல நிக்கிறீங்களே?"

"மொதலாளி வர்ற நேரம். கரி மூட்டை மாதிரி நிக்கச் சொல்றியா?"

முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், தான் வேலை செய்கிற அழகு அவருக்குத் தெரியவில்லை என்று அந்தப் பெரிய அட்டையையும் எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டான். குனிந்தான், நிமிர்ந்தான், ஒரு கண்ணை மூடினான். கல்யாண மேடையில்கூட அவ்வளவு பாவனை காட்டவில்லை.

படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்ப்பா, கெட்டில் வயித்துல செவப்பா நிக்கிறது யாரு?"

அட்டையைத் திரும்ப வைத்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். முதலாளியும் காத்திருக்கத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இவன் வாயைத் திறந்தான்.

"அது ஆளு இல்லைங்க, தாமிர மினுக்கு. உங்க தகட்டுல கலப்பு இருக்கும்போல."

முதலாளி சிரிக்கவில்லை. "அந்தத் தாமிரத்துக்கு வரிசையா பொத்தான் வச்சிருக்கே, தம்பி" என்றார்.

தன் கெட்டிலையும் ஜாடியையும் தானே துடைத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார். தங்கச்சி வாசல்வரை போய், இன்னொரு தடவை எடுக்கட்டும் என்று கெஞ்சினாள். படம் பிசகினால் பரவாயில்லை, என் தகட்டையே கலப்பு என்கிறவனிடம் எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று லைட்டு எங்களிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். மறு முனையை நான் பிடித்தேன்.

இப்போது அவன் ஒரு லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறான். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான்.