அடுப்படியிலும் கழற்றாத குல்லா

மலையில் மங்கி குல்லா போட்டவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திண்டுக்கல் மருத்துவமனை வராந்தாவில், சித்திரை வெயிலில், எல்லோரும் பார்த்தார்கள். கம்பளிக்குள் முகம் வெந்துகொண்டிருந்தது. கழற்றச் சொன்னாள் அக்கா. மாட்டேன் என்றேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பழனிக்கு மேலே, மலையில் இருக்கிற வடகவுஞ்சியில் எங்களுக்குப் பூண்டுக் காடு. பெரியப்பாவின் பிக்கப் வண்டியில் மூட்டைகளோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வருவேன். லைசென்ஸ் எடுத்துவிட்டால் வண்டி உன் கைக்கு என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் காமிரா முன்னால் உட்கார வேண்டும். அதுதான் முடியவில்லை.

தாடையோரம் இரண்டு பருவாகத் தொடங்கியது. ஒரு மழைக்காலத்துக்குள் கன்னம் முழுக்க முடிச்சு முடிச்சாக ஆகிவிட்டது. தொட்டால் வலிக்கும். தலையணையில் ரத்தம் ஒட்டும். வயசுப் பரு, கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். சந்தையில் மூட்டை இறக்குகிற ஒருவர், "ஏலே, பூண்டுக்கு மருந்தடிக்கையில மூஞ்சியையும் சேத்துக் காட்டிருலே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு சந்தைக்குப் போவதை நிறுத்தினேன்.

மலைப்பூண்டுக்கு அடங்காத நோய் இல்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சித்தி பாசத்தோடுதான் அரைத்துக் கொடுத்தார். பூசி, துணி கட்டிப் படுத்தேன். விடிந்தபோது கன்னத்தில் தீப்பட்ட மாதிரி கொப்புளம். பூண்டு உரித்தால் விரல் எரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகமும் தோல்தான் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அதனால் நான் என் முகத்தை மூடிக்கொண்டேன். குளிர் ஊர் அதற்கு வசதி. காட்டுக்கும் குல்லா, டீக்கடைக்கும் குல்லா. பிறகு எங்கேயும் போகவில்லை. படுத்தே கிடந்தேன். என்ன கிழமை என்று தெரியாது. சோறு இறங்காது. இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருந்த அக்கா, ஒரு சாயங்காலம் அடுப்படியில் என்னைப் பார்த்தாள்.

"என்னலே, குல்லாவோட சாப்பிடுற?"

"குளுருது."

"அடுப்பு பக்கத்துலயா?"

மறுநாள் வெள்ளனே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டாள்.

தோல் டாக்டர் ஒரு அம்மா. குல்லாவைக் கழற்றச் சொல்லி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். இது முகம் கழுவாததால் வந்ததில்லை, முடிச்சுப் பரு (தோலுக்கடியில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்து, வீங்கி, தழும்பு விடும் வகை) என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணுச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"தோணுச்சுங்க."

அதே கட்டடத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மனச்சோர்வு (வாரக்கணக்கில் விலகாத துக்கமும் அசதியும்) என்றார் அவர். பருவும் அதுவும் ஒன்றையொன்று வளர்த்துவிடுமாம். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம். முகத்துக்கான மாத்திரையில் உதடு வெடித்தது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மனசு இன்னும் கீழே இறங்கினால் உடனே வரவேண்டும் என்று அக்காவிடமும் சொல்லி அனுப்பினார்கள்.

பருவுக்குப் போய் பைத்தியக்கார டாக்டரா என்று ஊரில் பேச்சு. அக்கா தெருவில் நின்றே பதில் சொன்னாள்: "ஆமா, ஒங்களுக்கும் சேத்து ஒரு சீட்டு வாங்கியாரவா?"

எனக்குப் பழமொழி என்றால் உயிர். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பதோடு மட்டும் வழக்கு இருக்கிறது. என் முகத்தில் தெரிந்தது எண்ணெய்ச் சுரப்பி. அகத்தில் இருந்ததைப் பார்க்க ஒருத்தி அடுப்படி வரைக்கும் வரவேண்டியிருந்தது.

முகம் தெளிந்த பிறகு லைசென்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கோபம் வந்தது. பருவின் மேல் அல்ல, காத்துக் கிடப்பதன் மேல். பாதி ஆறிய கன்னங்களோடு போய் உட்கார்ந்து, குல்லாவை மடியில் வைத்தேன். காமிராவுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனதோடுதான் கேட்டார், முகம் சரியானதும் வந்திருக்கலாமே என்று.

"வண்டியக் கையாலதாங்க ஓட்டப்போறேன்" என்றேன்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பரு அடங்கிவிட்டது, தழும்புகள் இருக்கின்றன. சில மழைக்காலங்களில் மனசு மறுபடி கனக்கும். அப்போது வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதில்லை, டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறிவிடுவேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு திரிந்தால், களிம்பு வாங்கித் தருவதற்கு முன்னால் அந்த டாக்டர் அம்மா கேட்டதைக் கேளுங்கள். கேட்டால் நினைப்பு புதிதாக வந்துவிடாது. என்னிடம் அது ஏற்கெனவே இருந்தது.

செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் லைசென்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீயாப்பா?"

"நான்தாங்க. அப்பவும் நான்தான்."

பழனிக்கு இறங்கும் வளைவுகளில் சூடு தொடங்குகிற இடம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அங்கே குல்லாவை இன்னும் இழுத்துவிட்டுக்கொள்வேன். இப்போது கழற்றி சீட்டில் போட்டுவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறேன். காற்று முதலில் தழும்புக் குழிகளைத்தான் தொடுகிறது. எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இன்று வியாழக்கிழமை. பின்னால் மூட்டைகள் இருக்கின்றன. சந்தைக்கு நேரமாகிறது.