லண்டன் அத்தான் தந்த மெமரி கார்ட்

பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றுக்காக இரண்டு வருடமாக நானே ஒரு விளையாட்டு எழுதிவந்தேன். மெமரி கார்டில் இடம் போதவில்லை. யாழ்ப்பாண டவுனில் போலிதான் கிடைக்கும் என்று, லண்டனிலிருந்து வரவிருந்த அத்தானிடம் பெரிய கார்ட் கொண்டுவரச் சொன்னேன்.

"உது அங்கத்தை லண்டன் சாமான், சோதிக்கத் தேவையில்லை," என்று தந்தார். அவர் முன்னால் சோதிப்பது மரியாதையில்லை என்று, எல்லாவற்றையும் அப்படியே அதற்கு மாற்றினேன். பழைய கார்டை அழித்துப் போனுக்குப் போட்டேன்.

புதியதில் அச்சிட்டிருந்த அளவில் பாதிகூட உண்மையில் இல்லை. என் விளையாட்டின் கோப்புகளில் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

அத்தான் திரும்பிப் போன பிறகு லண்டனிலிருந்து அக்கா தொலைபேசியில் சொன்னா: "அவர் கார்ட் வாங்க மறந்துபோய் வந்திட்டார். பிறகு உங்கை டவுனிலைதான் வாங்கினவர்."

அத்தான் "கார்ட் எப்பிடி?" என்று கேட்கும்போதெல்லாம், "நல்லாயிருக்கு அத்தான்," என்கிறேன்.

இப்போது எந்தக் கார்டையும் முழுக்க நிரப்பி, திறந்து பார்த்துத்தான் பாவிக்கிறேன். அதுவும், கொண்டுவந்தவர் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே போன பிறகுதான்.