இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார்

செய்தி வந்தபோது பிளாக்டவுனில் மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு சிவப்பு ரோசாப்பூவின் படம். அதன் கீழே பாரசீக எழுத்தில் சில வரிகள், கடைசியில் ஆங்கிலத்தில் ஒன்று: ஹாஜி சாஹிபின் மதிப்புக்குரிய மூத்த சகோதரி காலமானார், அடக்கம் நாளை, பிரார்த்தனை ஞாயிறு மதியம். பெயர் இல்லை. நம்மவர்களின் மரண அறிவித்தலில் பிறந்த ஊர், புகுந்த ஊர், வாழ்ந்த ஊர் என்று தொடங்கி மைத்துனரின் மருமக்கள் வரை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். இதில் இறந்தவர் யார் என்பதே இல்லை. மக்காவுக்குப் போய்வந்த ஆப்கானியர் எல்லோரும் ஹாஜிதான், ஆகவே யாரோ வயதான அம்மா என்று நினைத்தேன். ஆப்கானியர் விஷயத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் கேட்பது ஷகீபாவிடம்தான். படத்தை அவருக்கே அனுப்பிக் கேட்டேன்: "இது ஆர்? உங்களுக்குத் தெரிஞ்சவவோ?"

இரண்டு சரிக்குறிகளும் நீலமாயின. வாசித்துவிட்டார். பதில் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. மீனை வெட்டி வாங்கிக்கொண்டு காருக்கு வந்த பிறகு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மகள் நர்கிஸ்.

"அன்ரி, அது அம்மாதான். விடிய எழும்பேல்லை. நித்திரையிலேயே போயிட்டா."

இறந்தவரிடமே இறந்தது யார் என்று கேட்டிருக்கிறேன். காரின் கதவைத் திறந்து வைத்தபடி வெகுநேரம் நின்றேன். மீன் அப்படியே பழுதாய்ப் போயிற்று.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பக்கத்து மண்டபத்தில் இளைஞர் கூட்டம் நடத்திய மெலிந்த பெண். எனக்கு அவர் அறிமுகமானது சண்டையில்தான். என் வகுப்புக்கு அடுக்கி வைத்திருந்த கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்கப் போனால், "உங்கட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கதிரையும் திரும்பி வந்த மாதிரி இருக்கும்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவருடையதும் என்னுடையதும் அங்கங்கே பொறுக்கிய ஆங்கிலம். ஆகவே அவர் சொன்னவற்றை என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன், கோபிக்கமாட்டார்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத உதவும் என்றுதான் நம் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் செய்தது வேறு. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பஸ் தரிப்பிடம் இருட்டாகக் கிடந்தது. வேலை முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அங்கே பயந்து பயந்து நின்றார்கள். ஷகீபா தன் குழுவின் பிள்ளைகளை நகரசபைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய் ஒவ்வொருவரையும் எழுந்து பேச வைத்தார். "நன்றி சொல்லித் தொடங்காதேங்கோ. முதலில கேளுங்கோ, கிடைச்சாப் பிறகு நன்றி சொல்லலாம்." சொந்த ஊரில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது இதே மாதிரி ஓர் இளைஞர் குழுவை வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஓடைக்கு மேலே பாலம் கட்டுவித்தவர் அவர். பஸ் தரிப்பிடத்துக்கு நகரசபை விளக்குப் போட்ட அன்று அதன் கீழே நின்று படம் எடுக்கலாம் என்றோம். அவர் வெளிச்சத்துக்குள் வரவில்லை. சற்றுத் தள்ளி இருட்டில் நின்று, "எனக்கு இது பழகிப்போச்சு. பிள்ளைகளுக்குப் பழகக் கூடாது" என்றார்.

கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து தங்கள் பெயரையும் தாயின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவர்தான் முதலில் சொல்வார்: "ஷகீபா, குல்சோமின்ர மகள்." நம் பையன் ஒருவன் தன் பெயரை இனிஷியலோடு சொன்னான். அந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். அப்பாவுடையது என்றான். "அம்மா என்னவானவ? செத்துப் போனாவோ?" என்று கேட்டார். பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் பெயருக்கு முன்னால் இருப்பதும் அப்பாவின் எழுத்துத்தான்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது, கவனித்திருப்பீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். காதில் விழாத மாதிரி நிற்பார். முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகு மெல்லத் திரும்பி, நாங்கள்தானா என்று முகங்களைப் பார்ப்பார். காது மந்தம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். மண்டபத்துக் குசினியில் கோப்பை கழுவும்போது ஒருநாள் நான் கேட்டே விட்டேன்.

"நான் ஒருக்காச் செத்தனான்" என்றார், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலுவலக வாகனத்தில் போய்க்கொண்டிருந்தாராம். வழியில் ஒரு பெண் கைகாட்டி ஏறினாள். பாலத்தடியில் பிள்ளைகள் காத்திருந்ததால் ஷகீபா இறங்கிவிட்டார். அந்தப் பெண் அவருடைய இடத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் வாகனம் வெடித்துச் சிதறியது. குடும்பம் கிடைத்த உடலை ஷகீபா என்று அடக்கம் செய்தது. அன்றிரவு பின்வாசலால் அவர் வந்து நின்றபோது தம்பி ஹாஜி ஒரு முடிவு எடுத்தார்: அக்கா செத்தவளாகவே இருக்கட்டும், அரசாங்க உத்தியோகத்துக்காக அவளைக் கொல்லத் தேடுபவர்கள் தேடாமல் விடுவார்கள்.

"துக்க வீட்டுக்கு நானும் போனனான். தலையிலயிருந்து கால்வரைக்கும் மூடின நீல அங்கியோட. பொம்பிளையளுக்குள்ள இருந்து என்ர சாவுக்குக் குடுத்த அல்வாவை நானே திண்டன். பக்கத்தில இருந்தவ கேட்டா, உங்களுக்கு அவவைத் தெரியுமோ எண்டு. கொஞ்சம் தெரியும் எண்டன். அண்டைக்கு முழுக்க ஆரும் என்ர பேரைச் சொல்லேல்லை. ஹாஜியின்ர அக்கா, ஹாஜியின்ர அக்கா. அவ்வளவுதான்."

அவர்கள் ஊரில் பெண்ணின் பெயரைச் சபையில் சொல்லும் வழக்கம் இல்லை. அறிவித்தலில் முகத்துக்குப் பதிலாகப் பூ. பிறகு வேறொரு பெண்ணின் பெயரில் நாடு நாடாக வந்திருக்கிறார். பழைய பெயர் காதில் விழுந்தாலும் திரும்பாதிருக்கப் பழகினார். இங்கே வந்து தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவேயில்லை.

"என்ர குழிக்குள்ள கிடக்கிறவ ஆரெண்டு தெரியாது. ஏறினவவிட்ட பேரைக் கேக்காமல் விட்டிட்டன்." கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தார். "அடுத்த தரம் உண்மையாப் போகேக்க, பேரில்லாமல் என்னை விட்டிடாதேங்கோ. சொல்லுவியளோ?"

"ஓம்" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் வரும் என்றும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரைக்கு அப்பால் ஆண்கள். சுவரில் அதே ரோசாப்பூ. ஒலிபெருக்கியில் ஹாஜி பேசினார், குரல் உடைந்து உடைந்து வந்தது. நர்கிஸ் என் காதருகே மொழிபெயர்த்தாள். என் அக்கா, என் அக்கா என்றார். பெயர் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டுத்தான் ஒருகாலத்தில் அக்காவின் உயிரைக் காப்பாற்றியவர், பாவம். ஆனால் பேச்சு முடியப்போகிறது, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்நிய மொழிச் சபையில் எழும்ப எனக்குக் கால் வரவில்லை.

நர்கிஸ் தேநீர் எடுக்கப் போனாள். அவளுடைய இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முகத்தை முக்காடு பாதி மறைத்திருந்தது. முன்பு பார்த்த ஆள் இல்லை. கையில் அல்வாத் தட்டு. என் பக்கம் குனிந்து உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

ஷகீபா குசினியில் சொன்ன அதே கேள்வி. மீன்கடையில் நானே அனுப்பிய அதே கேள்வி. கொஞ்சம் தெரியும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

"தெரியும். அவவின்ர பேர் ஷகீபா. குல்சோமின்ர மகள்."

பயத்தில் குரல் உரத்துவிட்டது. பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பியது. பின்வரிசையிலிருந்த சனிக்கிழமைப் பிள்ளைகள், ஆப்கானியரும் நம்மவரும், ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், கூட்டம் தொடங்கும்போது சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார்கள்: "ஷகீபா, குல்சோமின் மகள்." திரைக்கு அப்பால் பேச்சு நின்றது. அப்போது தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற நர்கிஸ், தாயை வீட்டில் கூப்பிடுகிற குரலில், இரண்டாம் தரம் அந்தப் பெயரைச் சொன்னாள்.

அவரைத் தெரிந்த அத்தனை பேரும் அந்த நொடியில் கதவைப் பார்த்தோம். யார் வருவார் என்று பார்த்தோம்? எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் ஹாஜியின் குரல் மட்டும் வந்தது. அவரும் அந்தப் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

நான் பக்கத்தில் திரும்பியபோது அந்த இடம் காலியாக இருந்தது. அல்வாத் தட்டு கதிரையில் தொடாமல் இருந்தது. யார் அவர் என்று நர்கிஸிடம் கேட்டேன், அப்படி ஒருவரைத் தான் பார்க்கவில்லை என்றாள். கை கழுவப் போயிருப்பார், யாராவது தூரத்து உறவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவருடைய பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்பதுதான் உறுத்துகிறது. ஷகீபா இருந்திருந்தால் இதற்கு என்னைத் திட்டியிருப்பார்.

அந்தக் குறுஞ்செய்தியை நான் அழிக்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவவோ?" என்ற கேள்வி பதிலில்லாமல் அங்கேயே நிற்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது யாரைச் சந்தித்தாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன், பிறகு தாயின் பெயரைக் கேட்கிறேன். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். இதை எழுதும்போதும் அறையில் தனியாக இருந்து அவர் பெயரைச் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு தரம் சொன்னால் அவர் திரும்ப மாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், நீங்களும் வாசிக்கும்போது சற்று உரக்கச் சொல்லுங்கள்:

ஷகீபா, குல்சோமின் மகள்.