ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குப் படம் நின்ன கதை

1. நாலு ஞாயிறு

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கேபிள்காரிக்குப் போன் வந்தா அது நல்ல சேதியா இருக்காது. அன்னிக்குச் சோத்துல கை வெச்சிருந்தேன். ரெண்டு மணி. போன் அடிக்குது, எடுத்துப் பேசுறதுக்குள்ள இன்னொண்ணு, அப்பால இன்னொண்ணு.

"இன்னாக்கா உன் லைனு? உசுரோட கீதா இல்ல செத்துப்பூட்ச்சா?"

"படம் கட்டம் கட்டமா வந்து நின்னுபூட்ச்சுக்கா. வூட்ல சொந்தக்காரங்க வந்துகிறாங்கோ, மானமே போவுது."

என் பேர் ஜெயா. ராயபுரம் கல்மண்டபத்துல இருபது வருஷத்துக்கு மேல கேபிள் லைன் ஓட்டுறேன். இப்ப ஃபைபர், இன்டர்நெட்டுன்னு வேலை மாறிப்போச்சு. புதுசா லைன் வேலைக்கு வர்றவங்க, அதுலயும் பொண்ணுங்க, "எப்படிக்கா இத்தினி வருஷம் தாக்குப்புடிச்ச?"ன்னு கேக்குறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நடந்து சில வருஷம் ஆச்சு. ஆனா நேத்து நடந்த மாதிரி எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு.

அன்னிக்கு ஏணியைத் தோள்ல போட்டுக்கினு ஓடினேன். கன்டெய்னர் லாரிங்க நடுவுல ரோட்டைத் தாண்டி, போன் வந்த தெருவுக்குள்ள நுழையறேன், படம் தானா வந்துடுச்சு. மீட்டரை மாட்டிப் பார்த்தேன். சிக்னல் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. சரி, கரண்டு ஏதோ ஆடிப்போச்சுன்னு வூட்டுக்கு வந்து ஆறிப்போன சோத்தைத் துன்னேன்.

அடுத்த ஞாயிறும் அதே ரெண்டு மணி. அதே தெரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள படம் வந்துடும். மூணாவது ஞாயிறும் அப்படியே. நாலாவதும் அப்படியே.

மாத்தாத சாமான் இல்ல. கனெக்டரு மாத்தினேன். சிக்னலைத் தூக்கிக் குடுக்குற ஆம்ப்ளிஃபையரை மாத்தினேன். பவர் சப்ளையை மாத்தினேன். மொட்டை மாடியில ஒவ்வொண்ணா டிஷ் முளைக்க ஆரம்பிச்சுது. முதல்ல ரெண்டு வூடு, அப்பால அஞ்சு, அப்பால ஒம்போது. என் லைன்ல மொத்தமே முன்னூத்தி சொச்சம் வூடு. எங்களுக்குச் சிக்னல் குடுக்குற பெரிய ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. கம்ப்ளெய்ன்ட் நிக்கலேன்னா ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்." அதுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறு இருந்துச்சு.

உண்மையைச் சொல்றேன். அந்த வாரம் எனக்கு என் கை மேலேயே நம்பிக்கை போச்சு. ஒரு கனெக்டரை மூணு தடவை கழட்டி மாட்டுவேன். மாட்டினேனா இல்லையான்னு திரும்பவும் ஏணி ஏறிப் பார்ப்பேன். வயசாயிடுச்சோ, மண்டை கலங்கிப்போச்சோன்னு நெனச்சு ஒரு நாள் ஏணி உச்சியிலேயே அழுதுட்டேன்.

2. டில்லி

இந்த லைனை ஆரம்பிச்சது நான் ஒருத்தி இல்ல. நானும் டில்லியும். நான் வூடு வூடாப் போய் ஆள் புடிப்பேன், டில்லி கேபிள் இழுப்பான். அவன் இழுத்த லைனைப் பார்த்தாலே தெரியும். தொய்வு இருக்காது, கோணல் இருக்காது. எனக்கு ஏணி ஏறவும், கேபிள் சீவவும், டேப் சுத்தவும் கத்துக்குடுத்தவனே அவன்தான். வேலைக்காரன். அதை நான் எப்பவும் மறுக்க மாட்டேன்.

ஆனா வாய் கலீஜு. ஒரு நாள் ஆமினான்னு ஒரு கஸ்டமர், மெஷின்ல துணி தைக்கிற பொம்பள, "மூணு நாளா வரேன் வரேன்னு சொல்றியேண்ணா, எப்போதான் வருவே?"ன்னு கேட்டுட்டா. அதுக்கு இவன் தெருவே கேக்குற மாதிரி ஒரு வார்த்தை சொன்னான். இங்க எழுத முடியாது.

"ஆமினாகிட்ட மன்னிப்புக் கேளு டில்லி"ன்னேன்.

"யாரு, நானா? வேற வேலை இல்ல?"

"கேக்கலேன்னா நம்ம பார்ட்னர்ஷிப் இல்ல."

"இல்லேன்னா போவட்டும்!"

கேபிள்காரங்க சங்கத்துல நாலு பேர் முன்னால உக்காந்து பிரிஞ்சோம். அவன் பங்கு அவனுக்கு, லைன் எனக்குன்னு ஆச்சு. வெளியே வரும்போது வாசப்படியில நின்னு சொன்னான்: "சீலை கட்டிக்கினு நீ லைன் ஓட்டிப்புடுவியா? ஆறு மாசம். நீயா வந்து என் கைல லைனைக் குடுக்கல, என் பேர் டில்லி இல்ல."

நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். தண்டையார்பேட்டையில வேற ஒருத்தர்கிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டான்னு கேள்விப்பட்டேன். அதோட மறந்தும் போயிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

3. போட்டோ ஸ்டூடியோ படம்

எங்களுக்குன்னு ஒரு லோக்கல் சேனல் உண்டு. என் வூட்டு முன் ரூம்புல இருக்குற கம்ப்யூட்டர்லேர்ந்துதான் ஓடும். உரிமை வாங்கின பழைய படம், பொறந்தநாள் வாழ்த்து, மாதா கோயில் தேர், தர்கா சந்தனக்கூடு எல்லாம் அதுல வரும். எந்தப் படம் போட்டாலும் முழுசாப் பார்த்துட்டுத்தான் போடுவேன். நடுவுல சத்தம் போயிருக்கும், சில பிரதியில பாதிப் படமே இருக்காது.

அந்த நாலாவது ஞாயித்துக்கு மறுநாள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சோதிச்சுக்கினு இருந்தேன். பெரிசா ஓடாத படம். ஒரு மலையூர்ல ஒருத்தி புருஷனை விட்டுப் பிரிஞ்சு, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தின போட்டோ ஸ்டூடியோவைத் தனியா நடத்துறா. அவ கழுவுற ஒவ்வொரு போட்டோவுலயும் பின்னால ஒரு ஓரத்துல அந்தப் பழைய புருஷன் முகம் லேசாத் தெரியுது. கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ, எல்லாத்துலயும். கஸ்டமருங்க கத்துறாங்க. அவளுக்குப் பைத்தியமே புடிக்குது. ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. அவ கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்க்குறப்போ, ஏணி மேல நான் நின்ன மாதிரியே இருந்துச்சு.

கடைசியில விஷயம் என்னன்னா, அவ கைல தப்பே இல்ல. போட்டோ பேப்பர் வாங்குற கடைக்காரனைக் கையில போட்டுக்கினு, பேப்பர் அவகிட்ட வர்றதுக்கு முன்னாலயே அந்தப் பழைய புருஷன் அதுல தன் முகத்தைப் பதிச்சு அனுப்பியிருக்கான். கூடவே இருந்து தொழில் செஞ்சவன். எங்க கை வெச்சா அவளுக்குத் தெரியாதுன்னு அவனுக்கு அத்துப்படி.

படத்தை நிறுத்தினேன். அடிப்பாவி ஜெயா, நாலு வாரமா உன் கையையே பார்த்துக்கினு கீறியே, ஒயரைப் பார்த்தியாடின்னு என்னையே திட்டிக்கினேன்.

பட்டப்பகல்ல, படம் நிக்குற தெருவுல இருக்குற ஆமினா வூட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அந்தத் தெரு முழுக்க வூட்டுக்கு வூடு மாடி ஒட்டிக்கினுதான் இருக்கும். மெயின் கேபிள் அது மேலதான் போவுது. இந்தக் கோடியிலேர்ந்து கையால தடவிக்கினே நடந்தேன். தண்ணி டேங்குக்குப் பின்னால கை தட்டுச்சு. டேப்.

ஜாயின்ட்டே இல்லாத இடத்துல டேப் எதுக்கு?

கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அப்பால இன்னொண்ணு. மொத்தம் நாலு. ஒண்ணைப் பிரிச்சேன். உள்ள ஒரு பொடி ஓட்டை, குண்டூசி போற அளவு. கேபிள்ல நடுவுல ஒரு கம்பி, சுத்தி ஒரு பின்னல். ரெண்டையும் ஒரு குண்டூசி தொட்டாப் போதும், தெருவே அவுட்டு. ஊசியை உருவிட்டா படம் வந்துடும், எந்த மீட்டராலயும் கண்டுபுடிக்க முடியாது. கீழே நான் ஏணியோட ஓடி வர்றதை மேலேர்ந்து பார்த்துக்கினே இருந்து எவனோ உருவியிருக்கான்.

சரி, உருவினவன் எதுக்கு டேப் சுத்தினான்? ராயபுரம் உப்புக் காத்து அப்படி. ஓட்டையைத் திறந்து விட்டா ஒரே மாசத்துல உள்ள பச்சைக் களிம்பு பூத்து மொத்தக் கேபிளும் போயிடும். கேபிளைக் கெடுக்க வந்தவன் அதைப் பத்தி ஏன் கவலைப்படணும்? இந்தக் கேபிளை இழுத்தவன் மட்டும்தான் கவலைப்படுவான். ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறின சுத்து, கடைசி நுனியை உள்ள மடிச்சு ஒட்டின விதம், எல்லாம் எனக்குக் கத்துக்குடுத்த அதே கை. டில்லி!

கோவம் வந்துச்சா? வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னால சந்தோஷம் வந்துச்சுங்க. என் கைல தப்பில்ல. அந்த மாடியிலயே உக்காந்து சிரிச்சேன்.

4. மாடியேறின தெரு

டேப்பைக் காட்டினா சங்கத்துல எவன் நம்புவான்? ஆளைக் கையும் களவுமாப் புடிக்கணும். ஆமினாகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னேன்.

"அடப்பாவி! என் வூட்டு மாடியிலயேவா?"ன்னு கத்திரியைக் கீழ வெச்சா. "நீ படத்தைப் போடுக்கா. மீதியை நான் பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தை இன்டர்வெல் வரைக்கும் போட்டேன். மீதி ஞாயிறு மத்தியானம்னு கீழே எழுத்து ஓடவிட்டேன். தெரு பத்திக்கிச்சு! குழாயடியில அதே பேச்சு.

"அது ஆவிம்மா. செத்தவன் முகம்தான் அப்படி வரும்."

"அவன் எங்க செத்தான்? பாட்டுல வந்தானே!"

"அவளுக்குத்தான் கண்ணு அவுட்டு. சோடாபுட்டி போட்டாச் சரியாப்பூடும்."

இப்படி ஒரு படம் ஓடும்போது டில்லி வராம இருப்பானா? ஆமினா வூடு வூடாப் போய் ஒண்ணே ஒண்ணு சொல்லி வெச்சா: "படம் நின்னா ஜெயாக்காவுக்குப் போன் பண்ணாதீங்கோ. அவுங்கவுங்க மாடிக்கு வாங்கோ. ஏன்னு கேக்காதீங்கோ, செருப்புக் கூடப் போடாம வாங்கோ."

ஞாயிறு. கதாநாயகி பேப்பர் கட்டைத் தூக்கிக்கினு இருட்டு ரூம்புக்குள்ள போறா. படம் கட்டம் கட்டமா ஆச்சு, நின்னுச்சு. போன் அடிக்கல. நான் ஏணியைத் தூக்கிக்கினு, அவன் பார்க்கட்டும்னு, தெரு முனையில நின்னு மீன்காரம்மாகிட்ட விலை கேட்டேன்.

மேல என்ன நடந்துச்சுன்னு அப்பால ஆமினா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஐஸ் குடோன் பக்கத்துல இருக்குற இரும்பு ஏணி வழியா வந்த டில்லி, டேங்குக்குப் பின்னால குந்திக்கினு கீழே என்னையே பார்த்துக்கினு இருந்திருக்கான். படிக்கட்டுல ஆள் வர்ற சத்தம் கேட்டதும் ஊசியை உருவிட்டான். அந்த நிமிஷமே எகிறிக் குதிச்சிருந்தா தப்பிச்சிருப்பான். ஆனா ஓட்டையை அப்படியே விட்டுட்டுப் போக அவனால முடியல. ஊசியைப் பல்லுல கவ்விக்கினு டேப்பை எடுத்துச் சுத்த ஆரம்பிச்சான். ரெண்டு சுத்து. நிமிர்ந்து பார்த்தா இந்தப் பக்கம் ஏழு மாடி, அந்தப் பக்கம் ஆறு மாடி, எல்லாத்துலயும் பொம்பளைங்க. கைல கரண்டி, தோசைத் திருப்பி, ஒருத்தி கைல பாதி உரிச்ச எறா.

நான் மூச்சு வாங்க மேல போய்ச் சேர்ந்தப்போ சுத்தி நின்னுக்கினு கேள்வி மேல கேள்வி கேக்குறாங்க. இவன் பதிலே சொல்லல. எப்படிச் சொல்லுவான், வாயில குண்டூசி!

"துப்பு டில்லி"ன்னேன். துப்பினான்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"நீயா வந்து குடுப்பேன்னு பார்த்தேன்க்கா."

"அப்ப டேப்பு?"

தலையைத் தொங்கப் போட்டுக்கினான். "நான் இழுத்த கேபிளுக்கா. ஓட்டையோட வுட மனசு வரல."

"எனக்கு ஓட்டை போட மட்டும் மனசு வந்துச்சாடா சோமாரி?" கீழ கெடந்த ஊசியைப் பொறுக்கிக்கினேன். "ஆமினாகிட்ட மன்னிப்புக் கேளு."

பதிமூணு மாடிக்கும் கேக்குற மாதிரி கேட்டான். ஆமினா, "இன்னொரு தபா, காதுல விழல"ன்னா. திரும்பவும் கேட்டான். சங்கத்துக்குப் போன் போட்டேன், செயலாளர் வந்தார். இனிமே இந்த ஏரியா பக்கம் தலை வெக்க மாட்டேன்னு டில்லி எழுதிக் குடுத்தான். சாட்சிக் கையெழுத்துப் போட இடம் பத்தாம பேப்பருக்குப் பின்னாலயும் போட்டாங்க. செயலாளரே பெரிய ஆபீசுக்குப் பேசி, லைன்ல ஃபால்ட் இல்லைன்னு சொன்னார்; ஏரியா என் கைலயே நின்னுச்சு.

நான் அழப்போற நேரத்துல பக்கத்து மாடியிலேர்ந்து ஒரு குரல்: "அதெல்லாம் சரிக்கா, அந்த முகம் எப்படி வந்துச்சு? நாங்க இங்க நிக்கும்போது படம் ஓடி முடிஞ்சுபூட்ச்சே!"

தெருவே கத்துச்சு. ஓடினேன். கம்ப்யூட்டர்ல படத்தைப் பின்னால தள்ளி, அவ பேப்பர் கட்டைத் தூக்குற இடத்துலேர்ந்து திரும்பப் போட்டேன். அந்தப் பேப்பர் விஷயம் தெரிஞ்ச நிமிஷம் தெரு முழுக்க ஒரே கைதட்டல். எந்த டிஷ்ஷு, எந்தப் பெரிய சேனலு உங்களுக்காகப் படத்தைத் திருப்பிப் போடும்? அந்த வாரமே ஒம்போது வூட்டுல எட்டு வூடு டிஷ்ஷைக் கழட்டிட்டு என்னைக் கூப்பிட்டுச்சு. மீதி ஒரு வூட்டுல கிரிக்கெட் பைத்தியம், அதை விடுங்க.

ரெண்டு மாசம் கழிச்சு டில்லி வேலை கேட்டு ஆள் அனுப்பினான். குடுக்கல. இப்ப திருவொத்தியூர்ல யாருக்கோ லைன் இழுக்குறான், நல்லா இழுக்குறானாம். சந்தோஷம், அங்கேயே இருக்கட்டும்.

இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஃபால்ட் வந்தா உன்னைத் திட்டிக்கிறதைக் கடைசியா வெச்சுக்கோ. முதல்ல ஒயரைத் தடவிப் பாரு. கூட இருந்து தொழில் செஞ்சவன் எதிரியானா, எங்க குத்தினா உனக்கு வலிக்கும்னு அவனுக்கு நல்லாத் தெரியும். ஆனா நீ லைன் குடுத்த வூட்டுக்காரங்க உன் பக்கம் நின்னா, அவனால ஒரு ஆணியும் புடுங்க முடியாது.